மாசா மாசம் கட்டச் சொல்லாதீங்க

“மாசம் ரெண்டாயிரம் எடுத்து வையி, அஞ்சு வருஷத்துல ஒரு தொகை ஆகும்”னு எங்க அக்கா பார்க்கிறப்பல்லாம் சொல்லும். மாமாவுக்கு ரயில்வேல வேலை, மாசம் பொறந்தா சம்பளம். எங்க வீட்டுக்காரர் சென்னை காசிமேட்டுல விசைப்படகுல மீன் பிடிக்கப் போறவர். போனா பத்துப் பன்னெண்டு நாள் கடல்லயே தங்கல். கரை சேர்ந்து ஏலம் முடிஞ்சதும் டீசல், ஐஸ், மளிகைச் செலவைக் கழிச்சு, படகுக்காரர் பங்கு போக மிச்சத்தை ஆளுங்க பிரிச்சுக்கணும். ஒரு தடவை 18,000 கொண்டாருவார். அடுத்த தடவை கைச்செலவுக்குக் குடுக்குற பேட்டாக் காசோட வந்து நிப்பார்.

மாசா மாசம் கட்டுற தபால் ஆபீஸ் ஆர்.டி.யைக் குறை சொல்லல. ஒரு மாசம் தவறினா நூத்துக்கு ஒரு ரூபா அபராதம், அது பெருசில்ல. ஆனா நாலு தவணை விட்டா கணக்கே நின்னுடும். எங்களுக்கு ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐப்பசி, கார்த்திகைல புயல் எச்சரிக்கை. நடுவுல இன்ஜின் வேலை வேற. நாலு தவணை விடுறதெல்லாம் எங்களுக்கு சர்வ சாதாரணம்.

என் கணக்கு வேற. வாரச் செலவு 2,500, பாடு, அதாவது கடல்ல கிடைக்கிற மீன், எப்படி இருந்தாலும் அவ்வளவுதான். வஞ்சிரம் பட்ட வாரத்துலயும் எங்க வீட்டுக் குழம்புல காரப்பொடி மீன்தான்! மிஞ்சினதுக்குத் தங்கம். இப்ப விக்கிற விலைல அரை கிராமுக்கே மூச்சு முட்டுது, அது தனிக் கதை.

செய்கூலி, சேதாரம், அடகு வட்டி, எல்லாம் நட்டம்னு அண்ணன் பையன் யூட்யூப் பார்த்துட்டுச் சொல்றான். நட்டம்தான். ஆனா பேங்குல போட்டா ஏடிஎம் கார்டு எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்கு. கம்மலைக் கழட்டணும்னா என்னைக் கேக்கணும், அடகுக் கடைக்கு நடக்கணும், வட்டியை நினைக்கணும். அதுக்குள்ள பாதி அவசரம் அவசரமே இல்லன்னு தெரிஞ்சிடும்.

தடைக்கால நிவாரணம் 8,000 அரிசிக்கும் கரண்ட்டுக்கும் ஆகும். ஆனா தடை முடியற அதே ஜூன்லதான் பள்ளிக்கூடமும் திறக்குது. அந்த ஃபீஸுக்குத்தான் கம்மல் அடகுக்குப் போகும். தடை முடிஞ்சதும் முதல் ரெண்டு பாடு பெரும்பாலும் நல்லா இருக்கும், ஆடிக்குள்ள மீட்டுடுவேன்.

நான் விடாம கட்டுற ஒரே தவணை மீனவ மகளிர் சேமிப்புத் திட்டம்தான். நாம 1,500 கட்டினா, அரசாங்கம் 3,000 சேர்த்து 4,500ஆ மீன் குறையிற மாசத்துல தர்றாங்க. இதுக்குக் கடன் வாங்கியாவது கட்டலாம். கட்டியும் இருக்கேன்.