வியாரெஜ்ஜோ நாட்குறிப்பு: யாட் உள்ளலங்காரம், முதல் மாதம்

மார்ச் 6, 2025, வியாழன்

இத்தாலியின் கடற்கரை ஊரான வியாரெஜ்ஜோவில் கார்னிவல் திருவிழா முடிந்துவிட்டது, கடற்கரைச் சாலையில் இன்னும் வண்ணக் காகிதத் துணுக்குகள் கிடக்கின்றன. உள்ளலங்காரம் என் பொறுப்பு, இன்று படகின் உரிமையாளர்களான தம்பதியோடு முதல் கூட்டம். 40 மீட்டர் யாட் (சொகுசுப் படகு), அலுமினிய உடல், வெல்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இருவரும் ஃபோன் நிறைய படங்கள் சேர்த்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, காலையில் யார் முதலில் எழுந்திருப்பீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுமாம், கணவர் எட்டு வரை தூங்குவாராம். அவ்வளவுதான், கேபின் திட்டமே மாறியது: கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே தனிக் கதவோடு ஒரு சின்ன இருக்கை, ஒரு ஜன்னல், காபி வைக்க ஒரு பலகை, விளக்கு போட்டால் கட்டில் பக்கம் வெளிச்சம் விழாதபடி. சோபா நிறத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

மார்ச் 11, செவ்வாய்

மேல்தளத்தில் கண்ணாடி அறை வேண்டும் என்கிறார் கணவர். ஆசை நியாயமானதுதான். ஆனால் இந்தப் படகு 499 ஜிடி-க்குள் வரையப்பட்டது. ஜிடி (gross tonnage) என்பது எடை அல்ல, மூடிய இடத்தின் கொள்ளளவை வைத்துப் போடும் கணக்கு. நாலு பக்கமும் அடைத்தால் அது ஏறும். 500-ஐத் தொட்டால் தீத்தடுப்பு, ஆய்வு, பணியாளர் தகுதி எல்லாமே வேறு விதிகளுக்குப் போய்விடும். பக்கங்கள் திறந்த கூரையும் காற்றைத் தடுக்கும் திரையும் போதும் என்று முடிவானது.

மார்ச் 14, வெள்ளி

பியெத்ராசாந்தாவில் மார்பிள் பட்டறை. பக்கத்துக் கராரா மலைக்கல் இங்கேயும் அறுபடுகிறது, பட்டறைக்குள் தண்ணீரும் வெள்ளைச் சேறுமாக இருந்தது. கலகாத்தா என்ற மார்பிள் வகையில் பலகை ஒன்றை நிமிர்த்தி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக் காட்டினார் பட்டறைக்காரர். காய்ந்திருந்தபோது மங்கலாக இருந்த சாம்பல் நரம்புகள் நடுவே தேன் நிறம் எழுந்து வந்தது. அந்த அம்மா விரலால் ஒரு நரம்பைத் தொடர்ந்து கொண்டே போய், இதுதான் என்று சொல்லிவிட்டார்.

சரி, இனி எடை. 2 செ.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் கல் 54 கிலோ வரும். குளியலறைகள், வாசல் தளம், படிக்கட்டு எல்லாம் சேர்த்து 90 சதுர மீட்டர் என்று வைத்தால் ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதி நீர்மட்டத்துக்கு மேலே, அந்த உயரத்து எடைதான் படகின் நிலைப்பைக் கெடுக்கும். அதனால் கல்லை 5 மி.மீ.க்குச் சீவி, தேன்கூடு போன்ற அலுமினியப் பலகையில் ஒட்டுகிறோம். சதுர மீட்டருக்கு 18 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஓரங்களை 45 டிகிரியில் சீவிச் சேர்த்தால் பார்க்க முழுக்கல் மாதிரியே இருக்கும். மெல்லிய கல் போலியாகத் தெரியுமோ என்று அவர்களுக்குச் சந்தேகம். இரண்டு துண்டுகளையும் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன், அதற்கு மேல் விவாதம் வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நடைபாதையையும் அவர்கள் கேபினையும் மலிவான ப்ளைவுட்டில் முழு அளவு மாதிரியாகச் செய்து நிறுத்தியிருந்தார்கள் தச்சர்கள். இன்று மூன்று மணி நேரம் அதற்குள்ளேயே நடந்தோம். கைப்பிடிக் கம்பி அந்த அம்மாவுக்கு உயரமாக இருந்தது, இறக்கினோம்.

பெரிய வாக்குவாதம் சுவரில். வால்நட் மரம் மூட்டே தெரியாமல் ஒரே பரப்பாக ஓட வேண்டும் என்றார் கணவர். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாய், வால்வு, ஏசி குழாய், கேபிள் கட்டு எல்லாம் போகின்றன. நடுக்கடலில் நள்ளிரவில் ஒரு வால்வு கசிந்தால் இன்ஜினியர் ரம்பம் எடுக்காமல் அங்கே கை வைக்க முடிய வேண்டும். போதாததற்கு, அலையில் படகின் உடல் வளைந்து கொடுக்கும். இடைவெளி விடாத மரம் கிறீச்சிடும், பிறகு பிளக்கும். அதனால் பலகைகள் கிளிப்பில் தொங்கட்டும், நடுவே 4 மி.மீ. இடைவெளி ஒரு நிழல்கோடாக இருக்கட்டும் என்றேன். அவரையே ஒரு பலகையைக் கழற்றி மாட்டச் சொன்னேன். திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தார், அப்புறம் அந்தக் கோடு கதவுச் சட்டத்தோடு நேராக ஓட வேண்டும் என்று மட்டும் கேட்டார். நல்ல கண்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒயின் அலமாரிக்கு இடம் போதவில்லை, பணியாளர் சலவை அறையில் ஒரு மீட்டர் எடுக்கலாமா என்று கேள்வி. கூடாது என்றேன். பத்து விருந்தினர், ஏழு பணியாளர். தினமும் துவைக்க வேண்டிய துண்டும் விரிப்பும் எவ்வளவு என்று எழுதிக் காட்டினேன். சார்ட்டருக்கும் (வாடகைக்கும்) விடப்போகிற படகு, ஆகவே பணியாளர் தங்குமிடத்துக்கு எம்எல்சி 2006 என்ற சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின் விதிகளும் உண்டு. விதி இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் நெருக்கியடித்து வேலை செய்யும் படகில் மேலே யாருக்கும் நல்ல சேவை கிடைக்காது. அலமாரி சாப்பாட்டு அறைப் படிக்கட்டின் அடியில் போகிறது.

சோபாவுக்கு நீல லினன் தேர்வாகிவிட்டது. தீச்சோதனைக்குத் துண்டு அனுப்ப வேண்டும், அது வரும்வரை துணி ஆர்டர் போடப் போவதில்லை.