படிக்கிறது ஒரு ஸ்கூல்ல, கோ-கோ ஆடுறது இன்னொரு ஸ்கூல்ல

எங்க பாப்பா ஏழாவது, காரைக்குடியில ஒரு மெட்ரிக் ஸ்கூல். அங்க கிரவுண்டுன்னா ஸ்கூல் பஸ் நிக்கிற எடந்தான், பி.டி. பீரியட்ல பாதி நாள் மேக்ஸ் ஓடும். எங்க வீட்டு மாடியில நின்னா கவர்மெண்ட் ஸ்கூல் கிரவுண்டு தெரியும், காலைல அஞ்சரைக்கே பொண்ணுங்க கோ-கோ ஆடுறத பாத்து பாத்து நானும் போவேன்னு ஒரே அடம்.

நேரா அங்க பி.டி. சாரப் போயி பாத்தேன். "வரட்டும்மா, எச்.எம். கிட்ட மட்டும் கேட்டுருங்க"ன்னாரு. எச்.எம். ரெண்டு பேப்பர் கேட்டாங்க, அடிபட்டா நாங்களே பொறுப்புன்னு ஒரு லெட்டர், பாப்பா ஸ்கூல்லேர்ந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒண்ணு. முதலாவது அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டாவதுக்கு மூணு தடவ நடந்தேன், "அங்க போயி ஆடுனா எங்க பேரு என்னாகும்"ங்கிறாங்க! ஆடத்தான் எடமில்லைல, அப்புறம் பேருக்கு என்ன? கடைசியில ரெண்டு வரி எழுதி சீல் போட்டுக் குடுத்தாங்க.

மூணு மாசம் சாக்ஸெல்லாம் செம்மண்ணு, என்ன ஊற வெச்சாலும் போகல. அங்க எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணுதான் போல் டைவ் சொல்லிக் குடுத்துச்சு, கம்பத்த ஒரு கையில புடிச்சு ஒடம்ப அப்படியே சாச்சு அடுத்த பக்கம் ஓடுறவள தொடுறது. ஒரு நா அப்பத்தா வெள்ளைப் பணியாரம் சுட்டுக் குடுத்து விட்டாங்க, கார சட்னியோட, தூக்குவாளி காலியாத்தான் திரும்பி வந்துச்சு.

குறுவட்டப் போட்டி, அதான் சுத்துவட்டார ஸ்கூலுங்களுக்குள்ள நடக்கிற மொத கட்டப் போட்டி, வந்தப்பதான் விஷயமே தெரிஞ்சுச்சு. பிராக்டிஸ் எங்க வேணா பண்ணலாம், ஆனா படிக்கிற ஸ்கூல் பேர்லதான் எறங்கணும். ஃபார்ம்ல போட்டோ ஒட்டி எமிஸ் நம்பர் (கவர்மெண்ட் பதிவுல ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிற நம்பர்) போட்டு எச்.எம். கையெழுத்து வாங்கணும்ல, அது எந்த ஸ்கூலோ அந்த டீம்தான். யாராச்சும் இப்படிச் சேக்கிறதா இருந்தா இத மொதல்லயே கேட்டுக்கோங்க, பாப்பா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல.

தனியா ஓடுற ஐட்டம்னா பரவால்ல, கோ-கோவுக்கு ஒம்போது பேரு வேணும், எட்டுப் பேரு கட்டத்துல உக்காரணும், ஒருத்தி வெரட்டணும். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல கேட்டா "வெயில்ல கறுத்துருவா"ன்னு ஒரு அம்மா, "டியூஷன் இருக்கே"ன்னு இன்னொரு அம்மா. எப்படியோ பத்துப் பேரு தேத்தி, ஸ்கூல்ல கெஞ்சி 14 வயசுக்குட்பட்டோர் பிரிவுல பேரு குடுத்தோம்.

மொத மேட்ச்சே அந்த கவர்மெண்ட் ஸ்கூலோட! எங்க டீம்ல பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்னே தெரியல, நல்லாத் தோத்தோம். ஆனா பாப்பா ஒரே ஒரு போல் டைவ் அடிச்சு, சொல்லிக் குடுத்தவளையே அவுட் ஆக்கிட்டா. அந்தப் பொண்ணு மண்ணத் தட்டிக்கிட்டே போகும்போது திரும்பி, "அடியே, காலு இன்னும் மடங்குதுடி"ன்னுச்சு.