விண்டோஸ் நிறுவல் பாதியில் நிற்கிறதா? முதலில் ரேமைப் பாருங்கள்

80070570 என்ற எண்ணோடு, கோப்பு சிதைந்திருக்கலாம் அல்லது காணாமல் போயிருக்கலாம் என்று சொல்லி விண்டோஸ் நிறுவல் நின்றுபோனால், பலரும் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவலுக்கான டிஸ்க் நகல் கோப்பு) திரும்ப டவுன்லோடு செய்கிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புது எஸ்எஸ்டி வாங்கிவிடுகிறார்கள். காசு செலவழிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: எத்தனை சதவீதத்தில் நிற்கிறது? மறுபடி முயன்றால் அதே இடத்தில்தான் நிற்கிறதா?

விண்டோஸை ஏற்றும் மென்பொருளான நிறுவி, பென்டிரைவில் உள்ள சுருக்கப்பட்ட பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ரேமுக்குள் எடுத்து, விரித்து, சரிபார்த்து, பிறகு டிஸ்கில் எழுதுகிறது. வழியில் ஒரு பிட் புரண்டாலும் பழி கோப்பின் மேல்தான் விழும். பென்டிரைவிலோ ஐஎஸ்ஓவிலோ பழுது என்றால் அது ஓரிடத்திலேயே இருக்கும். ஆகவே ஏறக்குறைய அதே சதவீதத்தில் நிற்கும். ரேமில் பழுதான செல்லுக்கு ஒவ்வொரு முறையும் வேறு தரவு வந்து மாட்டும். இன்று 17இல் நிற்கும், அடுத்து 62இல் நிற்கும், மூன்றாம் முறை முழுதாக ஏறி முதல் ரீஸ்டார்ட்டில் ப்ளூ ஸ்க்ரீன் காட்டும். இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்தால் என் சந்தேகம் ரேம் மேல்தான்.

பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் விளம்பர வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணையுங்கள். டிடிஆர்4 ரேமின் இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட், 3600 வேகம் என்று விற்கும் ரேம் குச்சிகள் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓவர்கிளாக் ஆகித்தான் (இயல்பு வேகத்தை மீறி ஓடித்தான்) அந்த வேகத்தைத் தொடுகின்றன. எல்லா மதர்போர்டும் அதைத் தாங்காது. பிறகு மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு குச்சியை மட்டும் விட்டுவையுங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பொதுவாக பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட். தங்கநிறத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம். ரப்பர் போட்டுத் தேய்க்கும் வழக்கமும் உண்டு. தூள் ஸ்லாட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இன்னொரு பென்டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஏற்றி, பயாஸில் செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத மென்பொருள் பூட் ஆவதைத் தடுக்கும் வசதி) அணைத்துவிட்டு பூட் செய்யுங்கள். ஒரு சுற்று போதாது, இரவு முழுக்க ஓடட்டும். "ரெண்டே ரெண்டு எரர்தானே" என்று விடாதீர்கள். ஒன்று வந்தாலும் அந்த ரேம் தேறவில்லை. ஒரு குச்சி எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை தந்தால் குச்சி போச்சு. எந்தக் குச்சியைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால், ஸ்லாட்டையும் பிராசஸர் சாக்கெட்டின் பின்களையும் பாருங்கள். தனித்தனியே தேறி, சேர்த்தால் தோற்பவை பெரும்பாலும் வெவ்வேறு சமயம் வாங்கிய ஜோடிகள்.

ஒரே இடத்தில் நின்றால் வேலை எளிது. ஐஎஸ்ஓவின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) மைக்ரோசாப்ட் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, வேறு பென்டிரைவில் எழுதி, கேபினெட்டின் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். மீடியா டிரைவர் இல்லை என்ற அறிவிப்பும் பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும்.

டிஸ்க் மேல் சந்தேகம் என்றால், உபுண்டுவை (லினக்ஸ் வகை இயங்குதளம்) நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லைவாக பூட் செய்து, டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். சாட்டா ஹார்ட் டிஸ்கில் 5 (மாற்றப்பட்ட பழுதான பகுதிகள்), 197 (படிக்கத் திணறும் பகுதிகள்) ஆகிய எண்களுக்கு நேரே மூல மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. 199 (தரவு கடத்தலில் வரும் பிழைகள்) மட்டும் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். அந்த எண்ணிக்கை குறையாது. ஆகவே இப்போதைய மதிப்பைக் குறித்துவைத்துக் கேபிளை மாற்றி, அதற்கு மேல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

டிஸ்க் பட்டியலே காலியாக இருந்தால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி (எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) இயங்குநிலையில் வருகிறது. அதற்கான டிரைவர் இல்லாமல் நிறுவிக்கு எஸ்எஸ்டி தெரியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து ஆர்எஸ்டி என்ற அந்த டிரைவரை எடுத்து, விரித்துப் பென்டிரைவில் போட்டு, டிஸ்க் தேர்வு செய்யும் திரையில் 'லோட் டிரைவர்' கொடுங்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும். சில ஏசர் மாடல்களில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வசதியே கண்ணுக்குப் படும். அதே டிஸ்கில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்து, அது உங்களுக்கு வேண்டும் என்றால் விஎம்டியில் கை வைக்காதீர்கள், மாற்றினால் அந்த விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.