நமய என்று நின்ற எண்ணிக்கை

முதுகில் போட்ட ஊசியால் நெஞ்சுக்குக் கீழே எனக்கு உடம்பே இல்லை. காது மட்டும் கூர்மையாக இருந்தது. பிள்ளையை முகத்தருகே ஒரு கணம் காட்டிவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். பச்சைத் திரைக்கு அப்பால் தாதி ஒருவர் பஞ்சுத்துணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்: எக்க, தெக்க, துன... நமய என்றதும் குரல் நின்றது. பத்து வரவேண்டும். புறக்கோட்டையில் பேரம் பேசிப் பழகிய சிங்களம் அவ்வளவுக்குப் போதும்.

கொழும்பில், ஒரு வைத்தியசாலையில், இரவு ஒன்றரை மணி. பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கியதால் அவசரமாகச் செய்த சிசேரியன்.

மறுபடி எண்ணினார்கள். ஒன்பதுதான். தரை, வாளி, விரிப்பின் மடிப்பு எல்லாம் பார்த்தார்கள். டொக்டர் வயிற்றுக்குள் கைவிட்டுத் துழாவினார். வலி இல்லை, அலுமாரியில் யாரோ உடுப்பைக் கிளறுவது போன்ற இழுவை மட்டும். பிறகு அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் எக்ஸ்றே.

தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டொக்டர் தமிழர். "பயப்படாதீர்கள் அம்மா, தைத்து மூடுவதற்கு முன்னர்தான் தேடுகிறோம்" என்றார். இரத்தத்தில் ஊறிய துணி குடலோடு ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கும் கைக்கும் தப்பிவிடுமாம். படத்திலும் துணி விழாது. அதில் பேரியம் சல்பேட் சேர்த்த ஒரு நூல் வைத்திருப்பார்கள், அது மட்டும் வெள்ளையாக விழும்.

உருளும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்றே எடுப்பவர் வர இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். அந்த இருபது நிமிடம் நான் கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் முதலில் கேட்டது, என்ன காணவில்லை என்று. தாதி அதே மாதிரித் துணி ஒன்றை உயர்த்திக் காட்டினார். முதுகுக்குக் கீழே தகட்டைச் செருகினார்கள். தோள்பட்டையில் அதன் குளிர் பட்டது. ஈய அங்கி போட்டவர்களைத் தவிர எல்லோரும் வெளியேறினார்கள்.

முதல் படத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த மனிதர் இயந்திரத்தை எடுக்கவில்லை. அடிவயிறுதான் விழுந்திருக்கிறது, மேல்வயிறு விழவில்லை என்றார். இன்னொன்று எடுத்தார். இடது பக்கம், விலா எலும்புக்குக் கீழே, சிறுபிள்ளை கிறுக்கியது போல ஒரு வெள்ளைச் சுருள். ஐந்து நிமிடத்தில் துணி வெளியே வந்தது. தாதி மீண்டும் முதலிலிருந்து எண்ணி 'தஹய' என்றபோது நான் அழுதேன்.

வெளியே நின்ற என் கணவருக்குச் சொன்னது "கொஞ்சம் நேரமாகும்" என்பது மட்டுமே. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் தேடித்தேடி வாசித்தேன். 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எண்ணிப் பார்த்தும் உள்ளே பொருள் தங்கிவிட்ட சம்பவங்களில் 88 சதவீதத்தில் கணக்குச் சரி என்றே எழுதப்பட்டிருந்ததாம். அவசரச் சத்திரசிகிச்சையில் அந்த ஆபத்து ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்றும் அதில் இருந்தது. என் கணக்குப் பிழைத்தது என் அதிர்ஷ்டம். எக்ஸ்றேயும் எல்லாவற்றையும் பிடிக்காது. மிகச் சிறிய ஊசிகள் படத்தில் தப்பிவிடும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில், நடந்ததை டயக்னோசிஸ் காட் என்ற சிகிச்சைக் குறிப்பு அட்டையில் எழுதித் தரும்படி கேட்டேன். இளம் டொக்டர் தயங்கினார். பெரிய டொக்டர் பேனையை வாங்கித் தானே எழுதினார். படத்தையும் கைப்பேசியில் எடுக்க விட்டார்.

வெள்ளவத்தை வீட்டில் மாமி அதைப் பார்த்தார்.

"இது என்ன, குடலா?"

"இல்லை மாமி. துணியின் நூல்."

நாற்பது வருடம் தையல் மெஷினில் இருந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.