ஒரு ‘அன்ரீக்’ மெசினை லண்டனுக்கு அனுப்பப் பட்ட பாடு

பாசையூரில் எங்கள் வீட்டுக் கோடிப்புறக் கொட்டிலில் கிடந்த அப்பப்பாவின் சீகல் கம்பனிப் போட் மெசின் ஒருவழியாக லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டது. கேட்டவர் அங்கே இருக்கும் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணா. ஒரு கிழமையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஏழு கிழமை இழுத்தது. அவ்வளவும் ‘அன்ரீக்’, அதாவது பழம்பொருள், என்ற ஒரு சொல்லால் வந்தது.

அண்ணா அனுப்பிய பொதிப் பட்டியலில் ‘அன்ரீக் எஞ்சின் 1’ என்று இருந்தது. நானும் யோசிக்காமல் அதையே படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். யாழ் நகரில் சரக்கு அனுப்பும் இடத்தில் இருந்த பொடியன் அதை வாசித்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டான். “அண்ணை, அன்ரீக் எண்டா தொல்லியல் கடிதம் வேணும். அது இல்லாமல் எடுக்கேலாது.” கடிதத்தை எங்கே எடுப்பது, என்ன எழுதிக் கேட்பது என்று கேட்டேன். பதில் இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அடுத்த கிழமை போனால் கதிரையில் வேறொருவர். அவர் கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை, “வயசுக்கு அத்தாட்சி கொண்டு வாங்கோ” என்றார். இரண்டு முறையும் மெசினை ஓட்டோவில் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டு வந்தேன்.

அன்றிரவுதான் இருந்து படித்தேன். முதலிலேயே படித்திருந்தால் அந்த இரண்டு பயணமும் மிச்சம். எங்கள் நாட்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அது தொல்பொருளுக்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். போட்டின் பின்பக்கம் பூட்டும் அவுட்போட் மெசினை அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கியதே 1909இல். ஆகவே உலகத்தில் உள்ள எந்த அவுட்போட் மெசினும் அந்த எல்லைக்குள் வராது. சுங்கத் தீர்வை அட்டவணையில் பழம்பொருளுக்கு 9706 என்று தனித் தலைப்பு இருக்கிறது. அதற்கு நூறு வயது தாண்டியிருக்க வேண்டும். அவுட்போட் மெசினுக்கு உரிய எண் 8407.21. சேகரிப்பவர்கள் ‘அன்ரீக்’ என்று சொல்வது இந்த இரண்டிலும் சேராத வேறு கணக்கு. அவர்களுக்கு வயதோடு, பாகங்கள் எல்லாம் பிறந்தபடியே இருக்கிறதா என்பதும் முக்கியம். அண்ணா அந்தக் கணக்கில் எழுதியதை நான் அரசாங்கப் படிவத்தில் எழுதிவிட்டேன்.

சரி, நூறு வயது ஆகவில்லை என்று காட்ட ஆண்டு வேண்டும். சீகலில் அது கிராங் கேசில், அதாவது எஞ்சினின் உலோகக் கூட்டில், வெட்டியிருக்கும் எண்ணில் இருக்கிறது. முன் எழுத்துகள் மாடல், கடைசி எழுத்து மாதம், கடைசி இலக்கம் ஆண்டு. ஜோன்சன், எவின்ரூட் மெசின் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1980க்குப் பிறகு வந்தவை என்றால் ‘இன்ரடியூசஸ்’ (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளையும் வரிசையாக 1 முதல் 9, பிறகு 0 என்று எண்ணுங்கள். மாடல் எண்ணில் சி, ஓ என்று வந்தால் 85ஆம் ஆண்டு.

இதை அறிவதற்கு முன்பே நான் பெரிய பிழை ஒன்று விட்டிருந்தேன். உப்பைக் கழுவித் தரச் சொல்லி மெசினை ஒரு வேலைத்தலத்தில் கொடுத்திருந்தேன். கழுவத்தான் சொன்னேன். அவர்கள் கம்பி பிரஷ் பூட்டிய கிரைண்டரால் தேய்த்து, மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்துத் தந்தார்கள். கிராங் கேசில் வெட்டியிருந்த எண்ணில் மிஞ்சியது கடைசி எழுத்து எஃப்பும் ஓர் எட்டும் மட்டும். 1995 இடப்பெயர்வில் அப்பா கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்த எண் அது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குருநகரில் ஒரு பழைய மெக்கானிக் ஐயாவிடம் கொண்டுபோனேன். மூடியில்லாத பிளைவீல் சக்கரத்தில் கயிற்றை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பத்துப் போத்தில் பெற்றோலுக்கு ஒரு போத்தில் ஓயில் கலக்க வேணும் தம்பி. கடற்கரையே புகையாக் கிடக்கும்” என்றார். எஃப் என்றால் ஆறாம் மாதம். எட்டு 68ஆகவும் இருக்கலாம், 78ஆகவும் இருக்கலாம். “வாங்கின துண்டு இருந்தாத் தேடு” என்றார்.

மூன்று நாள் தேடினேன். அப்பம்மாவின் றங்குப்பெட்டியில், பழைய கூப்பன் அட்டைகளுக்கு நடுவே, நாலாக மடித்தபடி இருந்தது. கொழும்புக் கடை ஒன்றின் பற்றுச்சீட்டு, திகதி 1969. அப்படியானால் மெசின் 1968 ஜூன். நூறு வயதாக 2068 வரை பொறுக்க வேண்டும். பெற்ற பிள்ளையின் பரீட்சை முடிவு பார்த்தது போல இருந்தது எனக்கு.

மூன்றாம் முறை போகும்போது படிவத்தில் ‘பாவித்த அவுட்போட் மெசின், 1968, எரிபொருள் அகற்றியது’ என்று மட்டும் எழுதினேன். பற்றுச்சீட்டின் பிரதியையும் வைத்தேன். அதே பொடியன்தான் இருந்தான். பத்து நிமிடத்தில் முத்திரை குத்தித் தந்தான்.

அனுப்ப இருப்பவர்கள் தாங்கியையும் காபரேற்றரையும் வடித்து, இரண்டு நாள் காயவிட்டுக் கொண்டு போங்கள். பெற்றோல் மணத்தால் எனக்கு முன்னால் நின்றவரின் தண்ணீர்ப் பம்பைத் திருப்பி அனுப்பினார்கள். கழுவக் கொடுக்கும் முன் எண்ணின் மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு அச்சு எடுங்கள், படமும் பிடியுங்கள். மூலப் பற்றுச்சீட்டை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம்.

போன கிழமை அண்ணா போன் எடுத்தார். தின்னர் போட்டு வெள்ளிப் பெயின்றைத் துடைத்திருக்கிறார். முன் எழுத்துகளில் இரண்டு மங்கலாகத் தெரிகிறதாம். மூன்றாவதைக் கம்பி தின்றுவிட்டது.