எனக்குப் புற்றுநோயாம்

எதிர்வீட்டு அக்கா மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதுதான், எனக்குப் புற்றுநோய் என்பதே எனக்குத் தெரிந்தது. மருந்துச் செலவுக்கென்று பொய் சொல்லி என் மகன் அவரிடம் 300 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியிருக்கிறான். அவனுக்கு வயது 29. சிங்கப்பூர் வேலை, கார் மோதிவிட்டது, முதலாளி சம்பளம் தரவில்லை என்று இதற்குமுன் அவன் சொன்ன கதைகளுக்கெல்லாம் நகையை அடகு வைத்தவள் நான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினாலும் தோட்டத்து ஆட்கள் வாயில் பழைய பெயர்தான். இங்கே ஒரு சேதி பரவ ஒரு கோப்பி குடிக்கும் நேரம் போதும்.

அவன் இப்படி ஓயாமல் பொய் சொல்வதற்கு வழி கேட்க, முதலில் பக்கத்து ஊர் அரசாங்கக் கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து முறை வந்தால், கவுன்டர் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மகனுக்கு வயசு 29ஆ மக்சிக் (அம்மா)? அவரே வரணும்." அவ்வளவுதான். நீங்களாவது போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்த தடவை அவனையே கூட்டிப் போனேன். அந்தப் பாடு தனிக் கதை. ஐ.சி. (அடையாள அட்டை) கேட்டார்கள். பஸ் நிலையத்தில் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள், போலீஸ் ரிப்போர்ட்டும் செய்துவிட்டேன் என்றான். திருடன் போட்டிருந்த சட்டை நிறம்வரை சொன்னான். மறுநாள் மழைக்கோட்டைத் தேடி மோட்டார் சீட்டைத் தூக்கினால், அடியில் பிளாஸ்டிக் பையில் ஐ.சி. கிடக்கிறது. நான் கத்தவில்லை. மூன்றாம் தடவை அது என் கைப்பையில் வந்தது.

1 வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்தோம். ஓயாமல் பொய் சொல்வதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்க்கவில்லையாம். ஆனால் டெல்புரூக் என்ற மனநல மருத்துவர் 1891லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம். அப்பாடா, என் வளர்ப்பு மட்டும் காரணமில்லை! அடியில் மனச்சோர்வோ சூதாட்டக் கடனோ இருக்கலாம் என்று பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். உள்ளே அவன் என்ன பேசினான் என்று மட்டும் எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது.

இப்போது வாதாடுவதில்லை. "சரிப்பா, சம்பளச் சீட்டைக் காட்டு" என்பதோடு சரி. ரொக்கம் கையில் கொடுப்பதில்லை. தாங்கமுடியாத இரவில் ஒருமுறை சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555க்கு அழைத்துப் பேசினேன், பெற்றவர்களும் பேசலாம்.

போன வாரம் பசியாறும்போது, "லோரி வேலை கிடைச்சிருச்சும்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, இனிமேதான் போய்க் கேட்கணும்" என்றான்.

அக்காவுக்கு இன்னும் 120 வெள்ளி பாக்கி. மைலோ டின்னைத்தான் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார்.