காயலாங்கடை பேனலில் ஓடும் தேங்காய் வண்டி: நாலு மாத வேலை

எங்கள் தோப்புக்கும் கொப்பரை காயப்போடும் களத்துக்கும் நடுவே 600 மீட்டர். உரித்த காயை மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி அம்மா தள்ளிக்கொண்டு போவார். களத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேடு வரும். அந்த இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் வண்டி ஏறும். வெயிலிலேயே ஓடுகிற மாதிரி அந்த வண்டிக்கு ஒரு மோட்டார் வைத்துவிட வேண்டும் என்று தை மாதம் ஆரம்பித்தேன். கழித்துப் போட்ட பேனலைத் தவிர வேறு பேனல் வாங்குவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. கண்ணாடி லேசாக மங்கிய பேனலைக்கூட ஆட்கள் தூக்கிப் போடுகிறார்கள். அதில் இன்னும் பத்து வருஷத்துக்கு உயிர் இருக்கிறது.

கோவையில் ஒரு காயலாங்கடையில் 240 வாட் பேனல் ஒன்று கிடைத்தது. யாரோ மொட்டை மாடியிலிருந்து கழற்றிப் போட்டது. வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்தேன். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா. விட்டிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கும், எடுக்கவே கூடாது. பின்பக்க வெள்ளைத் தாளை விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டுகிறதா. ஒட்டினால் தாள் செத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, மல்டிமீட்டர். உச்சி வெயிலில் சாய்த்து வைத்து, பேட்டரி எதையும் இணைக்காமல் அளந்தபோது 33 வோல்ட், 7.6 ஆம்பியர் காட்டியது. ஸ்டிக்கரில் போட்டிருந்தது 37 வோல்ட், 8.5 ஆம்பியர். பழைய பொருளுக்கு இது நல்ல கணக்கு என்று சந்தோஷமாகத் தூக்கி வந்தேன்.

வண்டிக்கு 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார் வாங்கினேன். மோட்டாரில் 9 பல், பின் சக்கரத்தில் 28 பல், நடுவே சைக்கிள் செயின். 12 வோல்ட் 35 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டை சீரிஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்துப் போட்டு, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். இந்த ஃபியூஸை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள். பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் பழுக்க ஒரு நொடி போதும்.

பட்டறை அண்ணன் பேனலைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "ஏந் தம்பி, இத்தன கனத்த ஒசரத்துல வெச்சா வளைவுல சாஞ்சுக்குமே!" பேனல் மட்டும் 19 கிலோ. அவர் பேச்சைக் கேட்டு, வண்டிக்கு மேலே பேனலைத் தாங்கும் கூரையை ஒரு அடி இறக்கினோம். பேனல் சட்டத்தில் புதுசாக ஓட்டை போடாமல், கம்பெனி போட்ட ஓட்டையிலேயே ரப்பர் வாஷர் வைத்து முடுக்கினோம். குலுங்கிக் குலுங்கி உள்ளே இருக்கும் செல் விரிசல் விடுவதுதான் இந்த மாதிரி வண்டிகளுக்குப் பெரிய எதிரி.

மாசியில் முதல் ஓட்டம். வெறும் வண்டி சிமெண்ட் பாதையில் மணிக்கு 12 கிலோமீட்டர் ஓடியது. அம்மா பின்னாலேயே வேகமாக ஓடி வந்தார்.

பங்குனியில் சிக்கல். தினமும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது. காலை ஒன்பது மணிக்கு நன்றாக ஏறும், பதினொன்றுக்கு மேல் ஏறுவது நின்றுவிடும். வெயில் கூடக் கூட ஏற வேண்டியது, நேர்மாறாக நடந்தது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரை மாற்றினேன், ஒயரைத் தடிமனாக்கினேன், எல்லா ஜாயிண்டையும் மறுபடி சால்டர் செய்தேன். இரண்டு வாரம் இதிலேயே போயிற்று. ஒரு மத்தியானம் பேனல் முதுகில் தெர்மாமீட்டர் முனையை டேப் போட்டு ஒட்டியதும் விஷயம் பிடிபட்டது: 63 டிகிரி.

ஸ்டிக்கரில் இருக்கும் கணக்கெல்லாம் செல்லின் சூடு 25 டிகிரி என்று வைத்துப் போட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும், வேலை செய்யும் வோல்டேஜ் (கரண்ட் கொடுக்கும்போது இருப்பது, எதையும் இணைக்காமல் அளப்பதைவிடக் குறைவு) ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். என் 240 வாட் பேனலைப் போன்ற 60 செல் பேனல் குளிர்ச்சியில் 30 வோல்ட்டில் வேலை செய்யும். 38 டிகிரி கூடினால் சுமார் 25.5 வோல்ட்டுக்கு வந்துவிடும். லெட் ஆசிட் பேட்டரி ஜோடி நிறைய வேண்டுமென்றால் 28.8 வேண்டும். எப்படி நிறையும்? 60 செல் பேனல்கள் வீட்டில் வரிசையாகக் கோர்த்து இன்வெர்ட்டருக்குக் கொடுப்பதற்கென்று வந்தவை. ஒற்றையாக 24 வோல்ட் பேட்டரியோடு சேராது. வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும் கண்ட்ரோலர் போட்டிருந்தால் இதே பேனல் ஓடியிருக்கும். அதன் விலை பேனல் விலையை விடக் கூட என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுபடி காயலாங்கடை. இந்த முறை தெருவிளக்கில் இருந்து கழற்றிய 75 வாட் பேனல்கள், ஒன்றுக்கு 36 செல். இரண்டைச் சீரிஸில் போட்டால் குளிர்ச்சியில் 35, சூட்டில் 29.7 வோல்ட். மயிரிழைதான், ஆனாலும் போதும். ஒரு பேனல் சரியாக 19 வோல்ட் காட்டியது. மற்றதில் 9.6. கடைக்காரர் செத்த பேனல் என்று சும்மாவே கொடுத்தார். பாதி வோல்டேஜ் என்றதுமே எனக்குச் சந்தேகம். பின்னால் இருக்கும் கறுப்பு டப்பாவை நெம்பித் திறந்தால், இரண்டு பைபாஸ் டயோடில் (நிழல் பட்ட செல்களை ஒதுக்கி கரண்டைச் சுற்றி அனுப்பும் சின்னப் பாகம்) ஒன்று கரிந்து பழுப்பேறி, கால் பக்கம் பிளாஸ்டிக் உருகியிருந்தது. அது ஷார்ட் ஆகி 18 செல்லை ஊமையாக்கி வைத்திருந்தது. சாக்கு போட்டுப் பேனலை மூடிவிட்டு (வெயிலில் கிடக்கும் பேனலுக்கு சுவிட்ச் கிடையாது) அதை எடுத்து, புதிதாக ஒரு ஷாட்கி டயோடு வைத்துச் சால்டர் செய்தேன். மீட்டர் 19.1 காட்டியபோது தனியாகக் கத்திவிட்டேன்.

240 வாட்டை இறக்கிவிட்டு 150 வாட்டை ஏற்றிய பிறகுதான் பேட்டரி முழுசாக நிறைய ஆரம்பித்தது. உச்சியில் 3.7 ஆம்பியர் உள்ளே போகிறது.

அடுத்தது நிழல். சும்மா நிற்கும் நேரத்தில் வண்டியைத் தோப்பு ஓரமாக விடுவது வழக்கம். ஒரு நாள் அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றில் ஒரு மட்டை ஆடியது. அதன் கீற்று நிழல் பேனல் மூலையில் இரண்டு செல் மேல் விழுந்ததும் முள் 3.6-லிருந்து கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குச் சரிந்தது. நிழல் விலகியதும் ஏறியது. நிழல் பட்ட செல் இருக்கும் பாதிப் பேனலை டயோடு ஒதுக்கிவிடுகிறது. மிச்சம் சுமார் 22 வோல்ட், பேட்டரியை விடக் குறைவு. அந்த இரண்டு செல் நிழலுக்கு மொத்த வண்டியும் பட்டினி.

இப்போது வண்டி நிற்பது களத்தில்தான். கொப்பரைக்கு நிழல் ஆகாது என்று தாத்தா காலத்திலேயே சுற்றி ஒரு மரம்கூட வைக்காமல் விட்ட இடம்.

சுமையோடு சிமெண்ட் பாதையில் 8 ஆம்பியர் இழுக்கிறது, மண் பாதையில் 14. மேட்டில் 20-ஐத் தாண்டும்போது மட்டும் அம்மா பெடலில் கால் வைத்துக் கொடுக்கிறார். நாளுக்கு எட்டு நடை, போக வர பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெயில் அடித்தால் சாயங்காலத்துக்குள் செலவான சார்ஜ் திரும்பி ஏறிவிடுகிறது. கடைசி 11 நாளாகக் கரண்டில் சார்ஜ் போடவில்லை. நேற்று ராத்திரி பேட்டரி 25.3 வோல்ட்.

அந்த 240 வாட் பேனலை எடைக்குப் போட மனம் வரவில்லை. சோலார் பேனலும் இப்போது மின்கழிவுக் கணக்கில் வருகிறது, 2022 விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டன. செல்களை இணைக்கும் சால்டரில் ஈயம் இருக்கிறது. உடைத்துக் குப்பைமேட்டில் கொட்டினால் மண்ணுக்குத்தான் கேடு. இன்னொரு 60 செல் கிடைத்தால் இரண்டையும் கோர்த்து மாட்டுக் கொட்டகைக்கு விளக்கு போடலாம்.

செயினுக்கு இன்னும் மூடி இல்லை. அம்மாவின் சேலை மாட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மூடி போடும் வரை அவர் ஓட்டக் கூடாது என்று இன்றைக்குச் சாவியை எடுத்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குத் தகரத்தோடு போகிறேன். ஆடிக் காற்று வருவதற்குள் கூரைக்குக் குறுக்குக் கம்பி இரண்டும் வைக்கச் சொல்ல வேண்டும்.